பருப்பைத் தள்ளிவைத்தும் வயிறு உப்புகிறதே, டாக்டர்?

பெரம்பூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 41, சைவம். நாலைந்து வருடமாகவே வயிறு சொன்ன பேச்சு கேட்பதில்லை, கடந்த ஒரு வருடமாக ரொம்ப மோசம். காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி. ஏழு மணிக்கு அவசர அவசரமாக இட்லி சாம்பார். பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸில் சாம்பார் சாதமோ கூட்டோ. ஏழாவது பீரியட் வருவதற்குள் புடவைக் கொசுவம் இறுக ஆரம்பிக்கும். வயிறு கடமுடா என்று போடும் சத்தம் முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சம். வீடு திரும்பும் வழியில் சூப் கடையில் ஒரு கப் காய்கறி சூப். ஆறு மணிக்கு முறுக்கிப் பிடிக்கிற வலி, இரண்டு முறை இளகிப் போகிறது, போனால் வலி அடங்குகிறது. ஒரு டாக்டர் ஐ.பி.எஸ். (இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் தொந்தரவு) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

மூன்று மாதமாக இவராகவே பருப்பு, பயறு வகைகளை நிறுத்திவிட்டார். "பருப்பைத் தொடுவதே இல்லை டாக்டர். குக்கரில் மேலே தெளிந்து நிற்கிற பருப்புத் தண்ணீரை மட்டும் எடுத்து, பூண்டு தட்டிப் போட்டு, ராத்திரிக்கு இரண்டு டம்ளர் குடிக்கிறேன். அதுதான் சாப்பாடே" என்கிறார். உப்புசம் மட்டும் குறையவில்லை. எடை 5 கிலோ குறைந்திருக்கிறது, அதில் சந்தோஷம்தான். ஹீமோகுளோபின் 9.4. மாதவிலக்கு கொஞ்சம் அதிகம், அதனால்தான் இருக்கும் என்கிறார். ஒரு லேபில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து 'உணவு ஒவ்வாமை' பரிசோதனை செய்ததில் துவரை, கடலை, கோதுமை, பால் எல்லாம் சிவப்பில் வந்திருக்கின்றன. ஒரு வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறார். மாமியார் ஒரு நாள் "பருப்பு வாயு" என்கிறாராம், மறுநாள் "பருப்பு இல்லாமல் உடம்பு எப்படி நிற்கும்" என்கிறாராம்.

கேள்விகள் மூன்று. இனி வாழ்நாள் முழுக்கப் பருப்பு, பயறு கிடையாதா? சூப்பை வைத்தே ஓட்டிவிடலாமா? நவராத்திரி வருகிறது, வீட்டில் கொலு உண்டு. ஒன்பது நாளும் சுண்டல் கிண்டி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

டீச்சர், பருப்புக்கும் சுண்டலுக்கும் வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுத் தாண்டிப் போன இரண்டு விஷயங்களில் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஐந்து கிலோவும் 9.4-ம்

எடை குறைந்ததில் உங்களுக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு டம்ளர் பருப்புத் தண்ணீர் குடித்தால் யாருக்கும் எடை குறையும். உங்களுக்கும் அப்படித்தான் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வயிற்றுத் தொந்தரவோடு எடையும் குறைகிறது, ரத்தசோகையும் இருக்கிறது என்றால், ஐ.பி.எஸ். என்ற பெயரோடு எந்தக் குடல் மருத்துவரும் நிறுத்திக்கொள்ள மாட்டார். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 9.4 அதிலிருந்து நன்றாகவே இறங்கியிருக்கிறது. மாதவிலக்கு காரணமாக இருக்கலாம். உங்கள் வயதுப் பெண்களிடம் அதுதான் அடிக்கடி காரணம். ஆனால் அது நாம் ஊகித்தது, பார்த்துத் தெரிந்துகொண்டது இல்லை.

உங்கள் டாக்டர் சொன்னது தவறு என்று சொல்லவில்லை. ஐ.பி.எஸ். என்று முடிவு செய்ய மருத்துவர்கள் பார்க்கிற, 2016-இல் வந்த ரோம் அளவுகோலின்படி, மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அதோடு இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, எத்தனை முறை போகிறது என்பது மாறுவது, எப்படிப் போகிறது என்பது மாறுவது. உங்கள் கதை இதற்குப் பொருந்துகிறது. அப்படியே இருந்தாலும் வேறு சிலவற்றை விலக்க வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு, மலப் பரிசோதனை ஆகியவற்றோடு, கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்த நோய் நம் பக்கம் வட இந்தியா அளவுக்கு இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்றை மறக்காதீர்கள்: இந்தப் பரிசோதனை முடிகிற வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். நம் ஊரில் குடல் காசநோயையும் மனதில் வைத்துத்தான் பார்ப்போம். இந்த முடிவுகளை வைத்து, உள்நோக்கிப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். மகப்பேறு மருத்துவரிடம் மாதவிலக்கையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி அல்லது பேதி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இவற்றில் எதைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

வாயு எங்கே இருக்கிறது?

இனி உங்கள் முதல் கேள்வி. பருப்பை விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். நான் பார்த்த வரையில், பருப்பில் இருக்கிற புரதத்தை விட்டுவிட்டு, வாயு தருகிறதை மட்டும் டம்ளரில் எடுத்துக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விஷயம் இதுதான். துவரை, கடலை, பட்டாணி, மொச்சை, காராமணி எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பஸ்கோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதர்களின் சிறுகுடலில் கிடையாது. எனக்கும் இல்லை, உங்கள் மாமியாருக்கும் இல்லை. அதனால் இந்தச் சர்க்கரைகள் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுவாக மாற்றுகின்றன. இதில் நோய் எதுவும் இல்லை, எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடல் நரம்புகள் அதே அளவு வாயுவை வலியாக உணர்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ஊறவைத்தால் ஊறின தண்ணீருக்கு இறங்கும், வேகவைத்தால் வெந்த தண்ணீருக்கு இறங்கும். குக்கரில் மேலே தெளிந்து நிற்கிற அந்த மஞ்சள் தண்ணீர் பார்க்க லேசாக இருக்கும், ஜுரத்தில் கிடப்பவருக்கும் கொடுப்போம். ஆனால் உங்கள் வயிற்றுக்கு ஆகாத சரக்கு அதில்தான் கரைந்து கிடக்கிறது. அதோடு பூண்டையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுகிறீர்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான் என்று இன்னொரு ஜீரணமாகாத சர்க்கரை உண்டு. அதுவும் தண்ணீரில் இறங்கும். கொதித்த பின் பூண்டுப் பல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் நிறைய. இறங்க வேண்டியது அதற்குள் இறங்கியிருக்கும்.

அப்படியானால் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுத் தாளிக்கிற சுண்டல், நீங்கள் பத்தியம் என்று குடிக்கிற பருப்புத் தண்ணீரைவிட உங்கள் குடலுக்கு ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. கேட்பதற்கு விநோதமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். சாப்பிட்டது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகச் சில மணி நேரம் ஆகும். பருப்பைத் தொடுவதில்லை என்கிறீர்கள், ஆனால் சாம்பாரும் பருப்புதான். ஏழாவது பீரியடில் வயிறு உப்பினால், குற்றவாளி மதியச் சாம்பாரும் அதிலிருந்த வெங்காயமும். காலை இட்லியைக் குழைத்து அடித்த சாம்பாருக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆறு மணி வலிக்கு ஐந்து மணி சூப் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வயிற்றில் சூடாக எது விழுந்தாலும் பெருங்குடல் ஒருமுறை சுருங்கும். ஏற்கனவே வாயு நிரம்பிய குடல் சுருங்கினால் வலிக்கும். நீங்கள் சூப்பைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், சாம்பார் தப்பித்துவிட்டது.

சூப்பு விஷயம்

அதற்காக அந்தக் கடை சூப்புக்கு நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. சாயங்காலம் தெருமுனையில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கிற சூப்பில் அடித்தளமே வெங்காயமும் பூண்டும்தான், கெட்டிக்குச் சோள மாவு. சோள மாவு உங்களை ஒன்றும் செய்யாது. காளான் சூப், காலிஃபிளவர் சேர்த்த சூப் என்றால் மேனிட்டால் என்ற இன்னொரு சர்க்கரையும் சேரும். அதுவும் உங்களைப் போன்றவர்களுக்குத் தொந்தரவு தரும். பாக்கெட் சூப்பில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, சிலவற்றில் பால் பொடியும் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். அஜினோமோட்டோ மேல் எல்லாப் பழியும் போடுவது நம் ஊர் வழக்கம். உங்கள் விஷயத்தில் அது பெரிய ஆள் இல்லை.

சூப்பை நிறுத்தச் சொல்லவில்லை, வீட்டில் வையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயிலோ நெய்யிலோ இரண்டு பல் பூண்டைச் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துவிடுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, ஆனால் வாசனை எண்ணெயில் தங்கிவிடும். ஒரே நிபந்தனை, பூண்டு எண்ணெயில் இருக்கும்போது சொட்டுத் தண்ணீரும் அதில் விழக் கூடாது. பிறகு சீரகம், மிளகு, இஞ்சி, பொடியாக நறுக்கிய கேரட், முருங்கைக்கீரை அல்லது வேறு ஏதாவது கீரை. கெட்டிக்கு ஒரு கை பழைய சாதத்தை மசித்துக் கரைத்துவிடலாம். கடைசியில், தனியாக வேகவைத்து வடித்த பாசிப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன். இந்த வரிசையில் செய்தால் சூப்பில் பருப்பு இருக்கும், பருப்புத் தண்ணீர் இருக்காது. வெங்காய மணம் இல்லாமல் உங்களுக்கு இறங்காது என்றால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கித் தூவுங்கள். வெள்ளைக் குமிழ் வேண்டாம்.

சூப்பையே இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்ளலாமா என்றால், வேண்டாம். சூப்போடு சாதம், இட்லி, இடியாப்பம் என்று ஏதாவது ஒன்று, கூடவே கொஞ்சம் தயிர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குப் பருப்பு, பயறு 85 கிராம் என்று இருக்கிறது. நீங்கள் முட்டையும் மீனும் தொடாதவர். பருப்பையும் விட்டால் புரதத்துக்கு எங்கே போவீர்கள்? உங்கள் மாமியார் சொல்கிற இரண்டு பக்கமும் சரிதான், சொல்கிற நாள்தான் வேறு.

பயறுகளைத் திரும்பக் கொண்டுவருவது

இணையத்தில் தேடினால் ஃபாட்மேப் உணவுமுறை என்று வரும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. நான் மேலே சொன்ன சர்க்கரைகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்கிற முறை. நல்ல முறைதான். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதிக்கு வருவதே இல்லை, அங்கேதான் சிக்கல். வருடக்கணக்கில் பத்துப் பொருளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, ஆள் பாதியாகிப் போய் வருகிறவர்களைப் பார்க்கிறேன். எடையும் ரத்தமும் குறைந்திருக்கிற உங்களுக்கு அந்த முழுப் பத்தியம் இப்போது வேண்டாம். மூன்றே மாற்றம் போதும்: வெங்காயம் பூண்டை நேரடியாகப் போடாமல் எண்ணெய் வழியாக மட்டும், பருப்பு வெந்த தண்ணீர் கிடையாது, காலை காபியில் பால் பாதி. இதை மூன்று வாரம் பாருங்கள்.

பால் ஏன் என்றால், பெரியவர்களான பிறகு பால் சர்க்கரையை ஜீரணிக்கும் திறன் குறைவது தென்னிந்தியர்களிடம் சாதாரணம். வெறும் வயிற்றில் காபி குடலைத் தட்டி எழுப்புகிற வேலையையும் செய்யும். வீட்டில் நன்றாகப் புளித்த தயிரும் மோரும் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் அவற்றை விட வேண்டாம்.

வயிறு கொஞ்சம் அமைதியான பிறகு பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள். தோல் நீக்கிய, உடைத்த பாசிப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கழுவி, நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, வடிகட்டி, நெய்யும் உப்பும் போட்டுச் சாதத்தில் பிசைந்து சாப்பிடுங்கள். முதலில் வெந்த பருப்பாக இரண்டு டேபிள்ஸ்பூன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். சனிக்கிழமை மதியம், வீட்டில், கழிவறை பக்கத்தில் இருக்கிற நாளில் ஆரம்பியுங்கள். மூன்று நாள் அதே அளவு. ஒத்துக்கொண்டால் கொஞ்சம் கூட்டுங்கள். லேசான வாயு வந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். மூன்று மாதமாகப் பயறைப் பார்க்காத குடல் பாக்டீரியாக்களுக்குப் பழகச் சில வாரம் ஆகும். வலி வந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள், பூஜ்யத்துக்குப் போக வேண்டாம்.

அடுத்தது துவரை. அதன் பிறகு முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். முளைக்கும்போது பயறு தனக்கு வேண்டிய சக்திக்காக அந்தச் சர்க்கரைகளைத் தானே உடைத்துக்கொள்கிறது. நம்மிடம் இல்லாத நொதி அதனிடம் இருக்கிறது. இட்லியைப் பற்றிக் கவலை வேண்டாம். உளுந்து அளவு குறைவு, மாவு புளித்தும்விடுகிறது. மேலே ஊற்றுகிற சாம்பாரில்தான் கை இறுக்கம் வேண்டும். கெட்டியான டோஃபு கிடைத்தால் அதையும் பாருங்கள். சோயாவின் சர்க்கரை, தண்ணீரைப் பிழியும்போது பெரும்பாலும் போய்விடுகிறது.

கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி எல்லாம் முந்தின நாள் ராத்திரி ஊறவைக்க வேண்டும். மறந்துவிட்டீர்கள் என்றால், கொதிக்கிற தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, மூடி ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வடிக்கிற தண்ணீரோடு கொஞ்சம் பி வைட்டமின் போகும்தான். பருப்பே சாப்பிடாமல் இருப்பதைவிட அது மேல்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா என்று எழுதவில்லை. சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அதில் எத்தனை விசில் விட்டாலும் கடலை மசிவதில்லை. உடனே ஆப்பசோடாவை அள்ளிப் போடுவார்கள். வெந்துவிடும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அதில் கெடும். பயறு வேகவைக்க மட்டும் கேன் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ ஊற்றுங்கள். புளி, தக்காளியை நன்றாக மசிந்த பிறகு சேருங்கள். முன்னாலேயே சேர்த்தால் தோல் இறுகிக்கொள்ளும்.

ராஜ்மாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது என்பது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் ஒன்று உண்டு, வேகாத ராஜ்மா நாலைந்து உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். குக்கரில் நன்றாக வெந்தால் பிரச்சினை இல்லை. மெதுவாகச் சூடேறும் எலெக்ட்ரிக் பாத்திரத்தில் நேரடியாகப் போடாதீர்கள்.

பெருங்காயம் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், தலைமுறைகளாகப் போட்டு வருகிறோம். பெருங்காயம் போட்டதால் பருப்பில் இருக்கிற சர்க்கரை மறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் கோதுமை மாவோ வேறு மாவோ கலந்திருப்பது வழக்கம். சீலியாக் பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் இதையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

அந்த ரிப்போர்ட்டும் அந்த மாத்திரையும்

'உணவு ஒவ்வாமை' ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுங்கள். அந்த வகைப் பரிசோதனைகள் பார்ப்பது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை. நாம் அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு உடம்பில் அது இருப்பது இயல்பு. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத் துவரையும் பாலும் சிவப்பில் வந்தால், அவர் தினமும் சாம்பாரும் காபியும் சாப்பிடுகிறார் என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதை நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்தச் சொல்வதில்லை. பணம் போனது போனதுதான். அதை நம்பி இன்னும் நாலு பொருளை நிறுத்தினால்தான் உண்மையான நஷ்டம்.

கேஸ் மாத்திரை குறைப்பது இரைப்பை அமிலத்தை. பெருங்குடலில் பாக்டீரியா உண்டாக்கும் வாயுவை அது தொடாது. நெஞ்சு எரிச்சலுக்காக ஆரம்பித்தது, எரிச்சல் போன பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அமிலம் குறைந்தால் இரும்பும் பி12-ம் உடம்பில் சேர்வது குறையலாம். 9.4-க்கு அதற்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கக்கூடும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். எரிச்சல் முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

மருந்துக்கடையில் கொடுக்கிற ஜீரண சிரப்பில் பெரும்பாலும் மாவையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள்தான் இருக்கும். பயறுச் சர்க்கரைக்கு அவை உதவாது. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் உள்ள மாத்திரை தனியாக உண்டு, முதல் கவளத்தோடு போட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு வேண்டாம். அதுவும் பயறுக்குத்தான், வெங்காயத்துக்கு வேலை செய்யாது.

வீட்டிலும் பள்ளியிலும்

உங்கள் ஒருத்திக்காகத் தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் வீட்டில் முகம் சுளிப்பார்கள், நீங்களும் களைத்துப்போவீர்கள். பருப்பை ஊறவைத்து, வடித்து, வேகவைப்பதை எல்லாருக்கும் பொதுவாகவே செய்துவிடலாம், ருசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சின்ன வெங்காயத்தைத் தனி வாணலியில் வதக்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு எடுத்த பிறகு மீதிச் சாம்பாரில் கொட்டுங்கள். அத்தையிடம் "டாக்டர் பருப்பைச் சாப்பிடச் சொல்லிவிட்டார், ஆனால் வேகவைக்கிற முறையை மாற்றச் சொன்னார்" என்று சொல்லுங்கள். பருப்பு வேண்டும் என்று அவர் சொன்னதும் சரியாகிவிடும், வாயு என்று சொன்னதும் சரியாகிவிடும்.

மதியம் மீந்த சாம்பாரை ராத்திரி வரை அடுப்பு மேலேயே வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சென்னை வெயிலில் பருப்புக் குழம்பிலும் சூப்பிலும் கிருமி பெருக அந்த நேரம் தாராளம். மறுநாள் வயிறு முறுக்கினால் அதையும் ஐ.பி.எஸ். கணக்கில் எழுதிவிடுவோம்.

பள்ளியில் கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்று மூன்று மணி வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாயுவை அடக்குவதால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் உப்புசம் கூடும். தண்ணீர் குடிக்காமல் மலம் இறுகினால் அதன் பின்னால் வாயு தேங்கும். தலைமை ஆசிரியையிடம் நேரடியாகப் பேசுங்கள். கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். எந்த நேரமும் ஐந்து நிமிடம் வெளியே போய் வரலாம் என்று தெரிந்தாலே பலருக்குப் பாதி முறுக்கல் அடங்கிவிடுகிறது. குடலும் மூளையும் நரம்பு வழியாகப் பேசிக்கொண்டே இருக்கின்றன, பயம் வலியைக் கூட்டும். டிபன் பாக்ஸை ஏழு நிமிடத்தில் காலி செய்வதையும் கொஞ்சம் பாருங்கள், அவசரத்தில் விழுங்குகிற காற்றும் வயிற்றுக்குத்தான் போகிறது.

கொலுவுக்கு வருகிறேன். ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் என்று இந்த வருடம் ஆசைப்பட வேண்டாம். பாசிப்பருப்புச் சுண்டல் செய்கிற நாளில் ஒரு சின்னக் கிண்ணம் தைரியமாகச் சாப்பிடுங்கள். பச்சைப்பயறுச் சுண்டல் என்றால் முளைகட்டிச் செய்யுங்கள், பாதிக் கிண்ணம். கொண்டைக்கடலையானால் ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, முடிந்தால் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு இரண்டு மூன்று ஸ்பூன். மொச்சையும் காராமணியும் அடுத்த வருடம். தேங்காய்த் துருவல், இஞ்சி, எலுமிச்சை எல்லாம் வழக்கம்போலவே இருக்கட்டும். நாலு வீட்டுக் கொலுவுக்குப் போனால் நாலு வீட்டுச் சுண்டலையும் அங்கேயே சாப்பிட வேண்டியதில்லை. பொட்டலம் கட்டித்தான் கொடுப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை, இந்த வாரமே. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபியோடு போடாதீர்கள், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். போட ஆரம்பித்ததும் மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே தார் மாதிரி கருப்பாகப் போனால் மட்டும், பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.